அம்மனைத் தூக்கிக்கொண்டு ஓடிய தைலம்மை

கொள்ளிடத்துக்குக் கரை கட்டாத அந்தக் காலத்தில், மூங்கில்படுகை என்கிற எங்கள் ஊரில் தைலம்மை என்று ஒரு மருமகள் இருந்தாளாம். என் பாட்டனுக்குப் பாட்டி அவள். அப்போது அவளுக்கு நிறைமாதம்.

ஐப்பசியில் ஏழு நாள் விடாத மழை. ஆறு படித்துறையில் முதல் படிக்கு வந்ததாம், இரண்டாம் படிக்கு வந்ததாம், மூன்றாம் படியையும் தொட்டதாம். ஆனால் அம்மன் உத்தரவு இல்லாமல் யாரும் மேட்டுக்குப் போகக்கூடாது என்பது ஊர்க்கட்டு. பூசாரி சடையப்பன் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் இருக்க வேண்டும்.

சிவப்பு வந்தது. "இருக்கச் சொல்றா!" என்றார்.

தண்ணீர் கோயில் வாசலுக்கு வந்தது. "எதுக்கும் இன்னொரு தரம் கேளும்" என்றார்கள். வெள்ளை வந்தது. இதுவா அதுவா என்று சண்டை. மூன்றாம் தரம் பிரித்தால், நனைந்த பொட்டலத்தில் பூவையே காணோமாம்.

"அம்மா யோசிக்கிறா" என்றாராம் பூசாரி.

தைலம்மை புருஷனை இழுத்தாள். "ஏங்க, எனக்கு வலி கண்டுட்டுது. மேட்டுக்குப் போயிருவோம்."

"முந்திப் போனா ஊரை விட்டுத் தள்ளி வச்சிருவாங்க புள்ள. அம்மா சொல்லட்டும்."

"அவ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் தண்ணியிலயே பெத்துருவேன்!"

சொன்னவள் கோயிலுக்குள் போனாள். பூசணிக்காய் அளவு வெண்கல அம்மன். தூக்கி இடுப்பில் வைத்தாள். ஓடினாள்.

"ஐயோ திருடி! அம்மனைத் தூக்கிட்டுப் போறா, பிடிங்க!"

ஊரே துரத்தியதாம். கம்போடு ஓடினார்களாம், பிள்ளைகளோடு ஓடினார்களாம், ஆடுகளை இழுத்துக்கொண்டு ஓடினார்களாம். நடக்க முடியாத கிழவிகளும் திருடியைப் பார்த்தே தீருவோம் என்று அடம்பிடிக்க, அவர்களையும் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம்.

மேட்டு உச்சியில் அவள் உட்கார்ந்த பிறகுதான் பிடிக்க முடிந்தது. பூசாரிக்கு மூச்சு இரைத்தது. "யாருடி உனக்கு உத்தரவு குடுத்தா?"

"என்னைக் கேக்காதீங்க மாமா. வரப் பிடிக்கலைன்னா அம்மாவே வழியில இறங்கியிருப்பா இல்ல?"

பூசாரி வாயைத் திறந்தார். கீழே கோயில் சுவர் இடிந்து விழுந்தது. அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மன் பக்கத்திலேயே குழந்தை பிறந்தது. அந்த வழியில் வந்தவர்கள்தான் நாங்கள்.

அன்றிலிருந்து அந்த மேடு திருடிமேடு. ஆறு மூன்றாம் படியைத் தொட்டால் யாராவது ஒரு பெண் அம்மனைத் திருட வேண்டும், பூசாரி கூச்சல் போட வேண்டும், ஊர் துரத்த வேண்டும்.

போன வெள்ளத்தின்போது தாசில்தாரம்மா ஜீப்பில் வந்து, மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், உடனே கிளம்புங்கள் என்று மைக்கில் தொண்டை கிழியக் கத்தினார். மூன்றாம் படி காய்ந்து கிடந்தது. ஒருவரும் அசையவில்லை. யாரோ அவர் காதில் வழக்கத்தைச் சொன்னார்கள். அந்தம்மா மைக்கை டிரைவரிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயிலுக்குள் போனார்.