பிள்ளையாருக்கு முட்டை

குர்லாவில் ரயில் ஏறியதும் காதில் விழுந்தது இதுதான்:

"பிள்ளையாருக்கு எப்படி ஓய் முட்டையைத் தடவறது?"

கேட்டவர் நெற்றி நிறைய விபூதி. பக்கத்திலிருந்தவர் தாராவிக்காரர்; பேச்சில் திருநெல்வேலி. இருவரும் ஒரே அச்சகத்தில், சாமி படம் அச்சடிக்கும் தகடு செய்யப் பழகுகிறவர்கள்.

"தகட்டுலதான தடவுதோம், ஐயரே? வெள்ளைக்கரு பூசினாத்தான் வெளிச்சம் பட்ட எடம் இறுகி, படம் நிக்கும். அன்னைக்கும் இப்படிச் சொல்லித்தான நீரு முட்டைக்குப் பதிலா கஞ்சியத் தடவினீரு. கழுவினதும் பிள்ளையார் தும்பிக்கையோட தண்ணியில போயிட்டாரு."

"இன்னொரு தகடு கெட்டா மறுபடி பேப்பர் மடிக்கப் போன்னுட்டான் முதலாளி சேட். அதான் நேத்திக்கு, கண்ணை மூடிண்டு நீர் குடுத்த முட்டையையே உடைச்சேன்."

"படம் விழுந்துச்சா?"

"மூஞ்சூறோட மீசைகூட விழுந்துடுத்து!"

"அப்ப மஞ்சக்கருவ என்ன செஞ்சீரு?"

ஐயர் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். "சயான் வந்துடுத்து, ஓய்."

தாராவிக்காரர் சயானில் இறங்க எழுந்தார். ஐயர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஓய், நாளைக்கும் ரெண்டு முட்டை கொண்டு வாரும்."

"நாளைக்குத் தகடு வேலையே இல்லையே, ஐயரே?"

"தெரியும். கொஞ்சம் மிளகுப்பொடியும் கொண்டு வாரும்."