அஞ்சாவது தட்டு

மச்சினன்: கொஞ்சம் நகருங்க மாமா, அலமாரியைத் தொறக்கணும்.

வெல்டர்: தொறக்கலாம், தொறக்கலாம். அலமாரி எங்கயும் ஓடிடாது. முதல்ல இந்தக் கத்தியைப் புடி.

மச்சினன்: கத்தி எதுக்கு?

வெல்டர்: ஆப்பிள் சீவறதுக்கு. நாலு நான் சீவிட்டேன். இன்னும் மூணு இருக்கு.

மச்சினன்: அக்காவோட மீதித் துணியை எடுத்துட்டுப் போக வந்திருக்கேன் மாமா. மூணரைக்கு ஸ்கூல் வேனை எடுக்கணும். என்னைப் புடிச்சு ஆப்பிள் சீவச் சொல்றீங்க.

வெல்டர்: மணி இப்ப ரெண்டுதான் ஆகுது. சீவிட்டே பேசு... பை ரொம்பப் பெருசா இருக்கே. ஸ்வெட்டரெல்லாமா கேட்டா?

மச்சினன்: எல்லாத்தையும்தான் சொன்னா.

வெல்டர்: எல்லாத்தையுமா...

மச்சினன்: மாமா, மாவு! கீழ கொட்டுது!

வெல்டர்: ஆங்... சரி, சரி. பரவால்ல. மாவுதானே.

மச்சினன்: ஏற்கெனவே வீடு முழுக்க மாவுதான். உங்க மீசையைக் கண்ணாடில பாத்தீங்களா? எட்டே நாள்ல கெழவனாயிட்டீங்க.

வெல்டர்: வாய்க் கொழுப்பு உங்க குடும்பத்துக்கே உண்டு. தோலை மெல்லிசா சீவு, பாதி ஆப்பிள் தோலோட போகுது பாரு.

மச்சினன்: வேன் ஓட்டற கை இது. சமையல்காரன் கையா? என்ன பண்ணப் போறீங்க, ஜூஸா?

வெல்டர்: காப்ளர். உங்க அக்கா ஆப்பிள் மேல மாவு போட்டு ஓவன்ல சுட்டு விக்கறாளே, அதுதான்.

மச்சினன்: ...யாரு, நீங்களா?

வெல்டர்: ஏன், நான் பண்ணக் கூடாதா?

மச்சினன்: தண்ணி எங்க இருக்குன்னு அக்காகிட்ட கேட்டுக் குடிக்கற ஆளு. நீங்க ஆப்பிள் காப்ளர் பண்றீங்க.

வெல்டர்: சிரிச்சுக்கோ. நீ போறப்ப தட்டோட குடுத்து விடறேன். அவகிட்ட குடு. உங்க வீட்டுக்காரரே உக்காந்து பண்ணினாருன்னு சொல்லு.

மச்சினன்: அதைச் சாப்பிட்டா வந்துடுவாளா?

வெல்டர்: வருவா இல்ல?

மச்சினன்: எனக்கெப்படித் தெரியும்?

வெல்டர்: கூடவே இருக்கியே, எட்டு நாளா. ஏதாவது சொல்லுவால்ல? என்னைப் பத்தி...

மச்சினன்: உங்களைப் பத்திப் பேச்சே எடுக்கல.

வெல்டர்: திட்டக்கூட இல்லையா?

மச்சினன்: இல்ல.

வெல்டர்: அப்ப கஷ்டம்தான்... திட்டினா வந்துடுவா. அவ திட்டாம இருந்தாத்தான் எனக்குப் பயம்.

மச்சினன்: சரி, இந்தாங்க, சீவியாச்சு. அதென்ன சிங்க்ல, ஒண்ணு மேல ஒண்ணா... கரியா?

வெல்டர்: அதைப் பாக்காத.

மச்சினன்: இது அக்காவோட கண்ணாடித் தட்டாச்சே! எத்தனை... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலும் காப்ளரா?

வெல்டர்: நாலும் ஊத்திக்கிச்சு. முதல் தட்டு மேல கரி, உள்ள பச்சை. ரெண்டாவதுல மேல் மாவு வெடிச்சுது.

மச்சினன்: வெடிச்சுதா!

வெல்டர்: பட்டுனு ஒரு சத்தம். ஓவன் கதவுல போய் அடிச்சுது. மூணாவதும் அப்படித்தான். நாலாவது நேத்து. வெடிக்கல, ஆனா உள்ள தண்ணி தண்ணியா, மேல மாவு களி மாதிரி. ஓவன்லதான் ஏதோ கோளாறு. இன்னிக்குக் காலைல பின்பக்கத்தைக் கழட்டிப் பாத்துட்டேன், வயரெல்லாம் சரியாத்தான் இருக்கு.

மச்சினன்: அக்காவோட ஓவனைக் கழட்டினீங்களா? அது அவளுக்குத் தெரிஞ்சா...

வெல்டர்: சொல்லித் தொலைக்காத. மாட்டிட்டேன் திரும்ப. ஒரு ஸ்குரூதான் மிச்சம்.

மச்சினன்: எப்படிப் பண்ணினீங்க, சொல்லுங்க பாப்போம். நான் அக்கா பண்றதை நூறு தடவை பாத்திருக்கேன்.

வெல்டர்: எப்படின்னா... ஆப்பிளைத் துண்டு போட்டு, சக்கரை, பட்டைத்தூள், எலுமிச்சை, கொஞ்சம் வெண்ணெய். சரியா?

மச்சினன்: சரி.

வெல்டர்: மைதால வெண்ணெய், சக்கரை, பேக்கிங் பவுடர், பாலு. பிசைஞ்சு தட்டையாத் தேய்ச்சு, தட்டு அளவுக்கு அறுத்து...

மச்சினன்: இருங்க, இருங்க. எதுக்குத் தேய்க்கறீங்க?

வெல்டர்: தேய்க்காம எப்படி மூடறது? மேல போட்டு, ஓரத்தைச் சுத்தி விரலால அமுக்கி, அதுக்கு மேல மாவை மெல்லிசாத் திரிச்சு இன்னொரு சுத்து ஓட்டி... அங்க பாரு, ஓரம் எவ்ளோ நேரா வந்திருக்கு. கரியாப் போனாலும் ஓரத்தைப் பாரு!

மச்சினன்: மாமா... நீங்க இதை வெல்டிங் பண்ணியிருக்கீங்க.

வெல்டர்: பின்ன? இருவத்தாறு வருஷமா தண்ணி டேங்க் பண்றேன். என் டேங்க்ல ஒரு சொட்டுக் கசிஞ்சுதுன்னு எவனாவது சொல்லட்டும் பாப்போம்.

மச்சினன்: கசியுதான்னு சோப்புத் தண்ணி போட்டுப் பாக்கலையே?

வெல்டர்: சோப்பு போடல...

மச்சினன்: மாமா!

வெல்டர்: திங்கற பொருள்ல எவனாவது சோப்புத் தண்ணி போடுவானா? பாலைத் தடவிப் பாத்தேன். ஒரு குமிழி வரல.

மச்சினன்: அய்யோ... என்னால முடியல... இருங்க, உக்காந்துக்கறேன்.

வெல்டர்: சிரிடா, சிரி. ஊரே சிரிக்குது, நீ சிரிச்சா என்ன.

மச்சினன்: டேங்க் இல்ல மாமா இது! அக்கா மாவைத் தேய்க்கவே மாட்டா. கரண்டியால அள்ளி அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு போடுவா. நடுவுல சந்து விடணும். ஆப்பிள் கொதிக்குமில்ல? ஆவி போக வழி வேணாமா? இப்படி மூடி வெச்சா வெடிக்காம என்ன பண்ணும்?

வெல்டர்: அந்தச் சந்து... அது வேணும்னே விடறதா?

மச்சினன்: பின்ன?

வெல்டர்: அவசரத்துல விட்டுடறாளோன்னுல்ல நெனச்சேன். ஒரு தடவை விரலை வெச்சே காட்டினேன், ‘இங்க ஓட்டை, இங்க ஓட்டை, கவனிக்க மாட்டியா’ன்னு.

மச்சினன்: என்ன சொன்னா?

வெல்டர்: சிரிச்சா. ‘சரிங்க, அடுத்த தடவை கவனிக்கறேன்’னா.

மச்சினன்: உங்களைச் சமாளிக்கறதுக்கே அவளுக்குத் தனியா சம்பளம் குடுக்கணும். ஆப்பிளைத் துண்டு போட்டுத் தட்டுல கொட்டுங்க... மாவைக் கலந்தாச்சா? கரண்டியைக் கொண்டாங்க... ம். அள்ளிப் போடுங்க. அமுக்காதீங்க! அப்படியே விடுங்க.

வெல்டர்: கோணல் மாணலா இருக்கே.

மச்சினன்: இருக்கட்டும்.

வெல்டர்: இந்த ஓரத்துல மட்டும் லேசா...

மச்சினன்: கையை எடுங்க மாமா. எடுங்கன்னா எடுங்க. உள்ள வைங்க. சூடு எவ்ளோ வெச்சிருக்கீங்க?

வெல்டர்: நூத்தி எம்பது. அதெல்லாம் அவ நோட்டுல இருக்கு. சந்து விடணும்னுதான் எழுதல.

மச்சினன்: தெரிஞ்சவளுக்கு எதுக்கு எழுதணும்? சரி, நாப்பது நிமிஷம். அதுக்குள்ள நான் துணியை எடுத்து வெச்சுடறேன்.

வெல்டர்: டீ குடிக்கறியா?

மச்சினன்: வேணாம்.

வெல்டர்: அந்த அலமாரிக் கதவு கொஞ்சம் மக்கர் பண்ணும். நாளைக்குச் சரி பண்ணிட்டுக் கூப்பிடறேன், அப்ப வந்து எடுத்துக்கயேன்...

மச்சினன்: தொறந்தாச்சு. நல்லாத்தான் தொறக்குது.

வெல்டர்: அந்தப் பச்சைப் புடவையை எடுக்காத.

மச்சினன்: ஏன்?

வெல்டர்: சும்மாத்தான்... அது இங்க இருக்கட்டும்.

மச்சினன்: மாமா, ஒண்ணு கேக்கவா? கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு நீங்க சொன்னீங்க. அவளுக்குக் கோவம் வந்துச்சு. கெளம்பி வந்துட்டா. இதானே நடந்துச்சு?

வெல்டர்: அதான். அவ என்ன சொன்னா?

மச்சினன்: வந்த அன்னிக்கு அவளும் உப்புன்னுதான் சொன்னா, அதோட சரி.

வெல்டர்: பாத்தியா.

மச்சினன்: பத்தொம்பது வருஷத்துல உப்பு ஜாஸ்தியானது இதான் முதல் தடவையா?

வெல்டர்: ...இல்ல.

மச்சினன்: அப்பல்லாம் பெட்டியைத் தூக்கினாளா?

வெல்டர்: உனக்கு வேனுக்கு நேரமாகலையா?

மச்சினன்: ஆகல. நேரமிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க.

வெல்டர்: நீ துணியை மடி.

மச்சினன்: மடிச்சுட்டுதான் இருக்கேன்... ஆறு புடவை. இந்த மேல் தட்டுல இருக்கறதும் அவளோடதுதானே?

வெல்டர்: மாப்ள...

மச்சினன்: ம்?

வெல்டர்: உப்பு இல்ல.

மச்சினன்: பின்ன?

வெல்டர்: நீ அந்தப் பக்கம் திரும்பியே இரு. மூஞ்சியைப் பாத்துட்டுச் சொல்ல வராது.

மச்சினன்: சரி, திரும்பல. சொல்லுங்க.

வெல்டர்: லைப்ரரி இருக்கில்ல, மெயின் ரோட்டுல... புதுக் கட்டடம் தொறக்கறாங்க. அங்க இருக்கற அம்மா அவ போனுக்குக் கூப்பிட்டாங்க. உங்க அக்கா குளிச்சிட்டிருந்தா. நான்தான் எடுத்தேன். ‘திறப்பு விழாவுக்கு அறுபது பேருக்குக் காப்ளர் வேணும், முடியுமா’ன்னு கேட்டாங்க.

மச்சினன்: அறுபது பேருக்கா? அக்கா இதுவரைக்கும் பத்து பேருக்கு மேல...

வெல்டர்: பண்ணினதில்ல. தெரியும். முதல் பெரிய ஆர்டர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘அவங்க இப்பல்லாம் பண்றதில்லீங்க’ன்னுட்டேன்.

மச்சினன்: ...ஏன் மாமா?

வெல்டர்: மணிக்கட்டு வலின்னு ராத்திரி தைலம் தேய்ச்சுப்பா. அறுபது பேருக்குன்னா எத்தனை ஆப்பிள்... கை என்னத்துக்காகும்னு...

மச்சினன்: அதுக்காகவா?

வெல்டர்: அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

மச்சினன்: நெஜமா எதுக்கு?

வெல்டர்: டீக்கடைல போன மாசம் ஒருத்தன் என்னைக் காட்டி, ‘இவர்தான் காப்ளர் அம்மாவோட வீட்டுக்காரர்’னான். எல்லாரும் சிரிச்சாங்க. கேலிகூட இல்ல மாப்ள, பாசமாத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்குனுச்சு. பத்தொம்பது வருஷமா அவ ‘வெல்டர் சம்சாரம்’. ஒரு நாளாவது மூஞ்சியைச் சுளிச்சாளா? அவ காப்ளர் விக்க ஆரம்பிச்சு ஆறு மாசம்தான், அதுக்குள்ள எனக்குத் தாங்கல. இவ்ளோதான் நான். சின்னப் புத்தி.

மச்சினன்: திரும்பலாமா?

வெல்டர்: வேணாம், இரு. இன்னும் இருக்கு. அவளுக்கு அந்தம்மா ஏற்கெனவே, ‘புதன்கிழமைக்குள்ள போன் பண்றேன்’னு சொல்லி வெச்சிருந்தாங்க போல. அது எனக்குத் தெரியாது. மூணு நாளா போனைக் கைல வெச்சுக்கிட்டே நடந்தா. சமைக்கறப்பவும் பக்கத்துல போன். சாப்பிடறப்பவும் பக்கத்துல போன். ‘யாராவது கூப்பிட்டாங்களாங்க’ன்னு என்கிட்டயே ரெண்டு தடவை கேட்டா.

மச்சினன்: நீங்க?

வெல்டர்: ‘இல்லையே’ன்னேன். ரெண்டு தடவையும். அப்புறம் அவ மூஞ்சியைப் பாக்க முடியல. அவ ஏதாவது கேட்டுடுவாளோன்னு நானே முந்திக்கிட்டு உப்பு, உரப்புன்னு எரிஞ்சு விழுந்தேன். அவ கையைக் கழுவிட்டு, பெட்டியை எடுத்துட்டுக் கெளம்பிட்டா.

மச்சினன்: அதுக்குத்தான் இந்தக் காப்ளரா?

வெல்டர்: இதைக் குடுத்து அதை மூடிடலாம்னு பாத்தேன். அவ வந்துட்டா, அப்படியே போயிடும், சொல்லவே வேணாம்னு... இப்ப உன் முன்னாடி சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் தெரியுது, எவ்ளோ கேவலம்னு.

மச்சினன்: வாசனை வர ஆரம்பிச்சுடுச்சு மாமா.

வெல்டர்: வரட்டும். நீ அவகிட்ட எதுவும் சொல்லாத.

மச்சினன்: மறைக்கச் சொல்றீங்களா?

வெல்டர்: சேச்சே. நான் சொல்றேன். சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரேன், அவ முன்னாடி நின்னு நானே சொல்றேன். நீ சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது. அப்புறம் அந்த லைப்ரரிக்குப் போய், ‘நான் பொய் சொன்னேங்க, அவங்க பண்றாங்க, நல்லாப் பண்றாங்க’ன்னு சொல்லணும். ஆர்டர் வேற யாருக்காவது போயிருக்கும். போனாலும் சொல்லணும்.

மச்சினன்: கேட்டுட்டு அக்கா திரும்பி வரலன்னா?

வெல்டர்: வரலன்னா... என்ன பண்றது? அவ இல்லாம இந்த வீட்ல என்னால ஒரு வாய் சோறு தின்ன முடியல. அதுக்காக அவளை ஏமாத்திக் கூட்டிட்டு வர முடியுமா? நீ துணியை எடுத்துட்டுப் போ. பச்சைப் புடவையையும் எடுத்துக்கோ. காப்ளர் வேணாம், லஞ்சம் குடுக்கற மாதிரி இருக்கும்... என்னடா, ஏன் துணியையெல்லாம் திரும்ப உள்ள அடுக்கற?

மச்சினன்: அக்கா அந்த மூணு நாளும் போனுக்குக் காத்திருக்கல மாமா. லைப்ரரி அம்மா அன்னிக்கு மத்தியானமே திரும்பக் கூப்பிட்டுட்டாங்க, ‘உங்க வீட்டுக்காரர் இப்படிச் சொல்றாரே’ன்னு. ஆர்டரையும் அவ அப்பவே வாங்கிட்டா. எனக்கும் எல்லாம் தெரியும், தெரியாத மாதிரிதான் கேட்டுட்டிருந்தேன். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் உங்க மூஞ்சியவே பாத்துட்டிருந்தா. இன்னிக்கும் ‘அவரா வாயைத் தொறந்து சொன்னா என்னைக் கூப்பிடு, இல்லன்னா எல்லாத் துணியையும் எடுத்துட்டு வந்துடு’ன்னுதான் என்னை மேல அனுப்பினா... மாடிப்படிக்குக் கீழ, தையல் கடை பெஞ்சுல உக்காந்திருக்கா. ஓவனை நான் பாத்துக்கறேன், நீங்களே போய்க் கூப்பிடுங்க.