இயற்கை எய்திய முதலாளியும் என் சிவப்பு மையும்

மாண்புமிகு மன்றத் தலைவர் பிருந்தா அம்மையார் அவர்களே! மேடையையும் நாற்காலியையும் ஒருசேர நிறைத்து வீற்றிருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! செல்பேசியை மடியில் மறைத்து வைத்துப் பார்க்கும் மக்கள் தொடர்பு அலுவலர்களே! சிம்மக்கல்லின் இந்தச் சிறிய மண்டபத்தில், சிரம் தாழ்த்தி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தலைமைப் பண்பு பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். கான்வென்டில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பத்து என்றால் பத்துதான். பின்வரிசையில் யாரோ நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். கேட்கிறது தம்பி! எனக்கு எழுபத்திரண்டு வயது. என் காதுக்கு இன்னும் இருபத்தேழுதான்!

தலைமை என்றால் என்ன? தட்டிக் கேட்பதா? தட்டிக் கொடுப்பதா? அதைச் சொல்லுமுன் ஒரு சாவைச் சொல்கிறேன். தாராளமாகச் சிரிக்கலாம், செத்தவர் இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், செல்லூரில் ஜனகராஜ் என்பவரின் நெசவாலையில் மக்கள் தொடர்புக்கு நான் பொறுப்பு. ஆலை ரசாயனச் சாயத்தை விட்டு இயற்கைச் சாயத்துக்கு மாறியது. ஊரெங்கும் போஸ்டர் ஒட்ட வேண்டும். வாசகம் எழுதியவள் முத்துமீனா. வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு நாள். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் வயற்காட்டு வேலை பார்த்துப் படிக்க வைத்த தாயின் மகள். அந்த வீட்டில் அலுவலக நாற்காலியில் அமர்ந்த முதல் ஆள்.

"இயற்கைச் சாயத்துக்கு மாறிட்டோம்" என்று எழுதினாள். எவ்வளவு அழகு! எவ்வளவு எளிமை! நான் என்ன செய்தேன்? சிவப்பு மையால் கோடு கிழித்தேன். "இது சந்தைப் பேச்சு. உயர்ந்த தமிழ் வேண்டும்" என்றேன். நடுங்கிப்போன பிள்ளை உயர்ந்த தமிழைத் தேடிக் கொண்டுவந்தாள். ஆங்கில வாசகத்தில் காற்புள்ளி வரை சரிபார்த்த நான், தமிழைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை மதுரைச் சுவர்களில் ஜனகராஜ். கைகூப்பிய படம். கீழே, ஆலை தொடங்கிய ஆண்டு, "தோற்றம்: 1987". அதற்கும் கீழே, "உழைப்பால் உயர்ந்த ஜனகராஜ் அவர்களின்" என்று பெரிய எழுத்து, "நிறுவனம்" என்று எறும்பு எழுத்து, பிறகு, ஆனை எழுத்தில், "இயற்கை எய்தியது!"

சிரியுங்கள், சிரியுங்கள்! அன்றைக்குத்தான் என்னால் முடியவில்லை.

நானும் முத்துமீனாவும் ஜனகராஜ் வீட்டு வாசலுக்கு ஓடினோம். ஏழரை மணிக்குத் திருமங்கலம் ஜவுளி வியாபாரி வெள்ளைத்துரை, ஆட்டோ கொள்ளாத ரோஜா மாலையோடு இறங்கினார். "அண்ணே! எங்களைத் தவிக்க விட்டுட்டுப் போயிட்டீகளே!"

உள்ளேயிருந்து பனியனும் காப்பித் தம்ளருமாக ஜனகராஜ் வந்தார். "எங்கய்யா போனேன்? குளிக்கத்தான போனேன்!"

வெள்ளைத்துரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இம்புட்டுப் பெரிய மாலையை யாருக்கண்ணே போடுறது?"

ஜனகராஜின் மனைவி வசுந்தராவுக்கோ வேறு கோபம். "சாவுப் போஸ்டர்னாலும் பொண்டாட்டி பேரு வேண்டாமா? நான் ஒருத்தி இருக்கேன்ல!"

வாசல் நிறைந்தது. சங்கு ஊதுகிறவரும் வந்துவிட்டார். ஜனகராஜ் முகம் அவர் புதுச்சாயத்தைவிடச் சிவந்தது. "எவ எழுதுனது? இன்னைக்கே சீட்டைக் கிழிங்க!"

முத்துமீனா சுவரோடு சுவராக நின்றாள். சபையோரே, நான் அந்த நொடியில் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். என் பெயர் பிழைக்கும். அவள் பிழைப்புப் போகும்.

அப்போது போஸ்டர் ஒட்டும் கருப்பு, பசை வாளியோடு கூட்டத்தை விலக்கி வந்தார். "நேத்து போஸ்டரை வாங்க வந்தப்பவே சந்தேகம்தாம்மா. கேக்கலாம்னு கிட்ட வந்தேன். நீங்க பேனாவோட ஒரு பார்வை பாத்தீக பாருங்க, போஸ்டரைவிட என் வாய் நல்லா ஒட்டிக்கிருச்சு!"

சுரீர் என்றது! படித்த நான் பார்க்காததை ஒட்டுகிறவர் பார்த்திருக்கிறார். பார்த்தவர் வாயை அடைத்தது யார்? எழுதியவள் கையை நடுங்க வைத்தது யார்? என் கணவர் உயிரோடு இருந்தபோது சொல்வார்: "நீ வாயைத் திறந்தால் இலக்கணம், காதைத் திறந்தால்தான் இல்லறம்." அவர் கண்டுபிடித்ததை அலுவலகத்தில் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை காலம் ஆயிற்று!

"அவள் முதலில் சரியாகத்தான் எழுதினாள். அடித்தது நான். படிக்காமல் கையெழுத்துப் போட்டதும் நான். கிழிப்பதானால் என் சீட்டைக் கிழியுங்கள்" என்றேன், அத்தனை பேர் முன்னிலையில்.

ஜனகராஜ் விழித்தார். பிறகு தம்ளர் தளும்பச் சிரித்தார். "உங்க சீட்டைக் கிழிச்சா, நான் உசிரோட இருக்கேன்னு யாருங்க எழுதுறது? ரெண்டு பேருமா உக்காந்து எழுதுங்க!"

உடனே எழுதினேன். "அன்னார் உயிர் நீத்திலர், அன்னவர்தம் ஆலையே அருஞ்சாயம் பூண்டது!" முத்துமீனாவிடம் நீட்டினேன். படித்தாள். உதட்டைக் கடித்தாள். பேனாவையும் அவளிடமே கொடுத்தேன்.

"மேடம், சொன்னா கோச்சுக்குவீங்களா?"

"சொல்."

"மொதப் போஸ்டரை விட இது மோசமா இருக்கு, மேடம்."

வாசலே வெடித்துச் சிரித்தது. என்னுடைய சிவப்பு மையாலேயே என்னை அடித்துவிட்டு அவள் எழுதினாள்: "நான் நல்லா இருக்கேன். சாயம்தான் மாறிருச்சு. வந்து பாருங்க. இப்படிக்கு, ஜனகராஜ்." மதியத்துக்குள் செல்லூரே வந்து பார்த்தது. முத்துமீனா இன்றைக்கும் அதே ஆலையில் இருக்கிறாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில்!

கைதட்டல் எனக்கு வேண்டாம்; அவளுக்குத் தட்டுங்கள். ஆம், இன்னும் பலமாக!

தலைவர்களே, தலைவர்களாகப் போகிறவர்களே! எத்தனையோ கேடயம் வாங்கினேன். எல்லாம் அலமாரியில் தூசி தின்கின்றன. "மோசமா இருக்கு, மேடம்" என்ற சொல்லைத்தான் நெஞ்சில் வைத்திருக்கிறேன். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் உங்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் நீங்கள் தலைவர். சொல்லவில்லையென்றால், உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறது என்று பொருளல்ல. உங்கள் அறையில் பயம் இருக்கிறது என்று பொருள்! நாளைக் காலை அலுவலகக் கதவைத் திறக்கும்போது, கூடவே காதையும் திறந்து வையுங்கள்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், ஒருமுறைகூட மணியடிக்காத தலைவருக்கும், கரகரக்காத இந்த ஒலிபெருக்கிக்கும் நன்றி. வாழ்க நீங்கள்! வளர்க உங்கள் காதுகள்! வணக்கம்!