பதினேழாம் நம்பர் டோக்கன்

ஜெயராம்: அஞ்சரைக்கு எந்திரிச்சேன். மோட்டார் போட்டேன். பால் வாங்குனேன், காச்சுனேன், குடிச்சேன். குளிச்சேன். வந்துட்டேன்.

சொக்கநாதன்: சிம்மக்கல்லுல இருந்து வர்றதுக்கா மாப்ள பத்தேகால் ஆச்சு? பத்திர ஆபீஸ்ல பதினாலாவது டோக்கன் ஓடுது. நமக்குப் பதினேழு.

ஜெயராம்: நடுவுல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன் மச்சான்.

சொக்கநாதன்: எம்புட்டு நேரம்?

ஜெயராம்: பாக்கல.

சொக்கநாதன்: சரி விடுங்க. ஆதார், பான் கார்டு, போட்டோ ரெண்டு, தாய்ப்பத்திரம்... எல்லாம் பையில இருக்கா?

ஜெயராம்: தாய்ப்பத்திரம் விக்கிறவர்கிட்டல்ல இருக்கும்.

சொக்கநாதன்: தெரியும். நீங்க முழிச்சிருக்கீங்களான்னு பாத்தேன்.

ஜெயராம்: மச்சான்... இன்னைக்கு வேணாமே.

சொக்கநாதன்: எது, டீயா?

ஜெயராம்: வீடு.

சொக்கநாதன்: விளையாடாதீங்க மாப்ள. ஏழு மாச அலைச்சல். முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தோம். பட்டாவுல விக்கிற பீமாராவோட அப்பா பேரு. அவரு செத்து இருபது வருசம். வாரிசுச் சான்று வாங்கி, பீமாராவோட அக்காவைப் பூனாவுல இருந்து வரவச்சு, விடுதலைப் பத்திரம் எழுதி...

ஜெயராம்: அந்தக்கா ரெண்டு நாள் உங்க வீட்டுலதான தங்குச்சு.

சொக்கநாதன்: நாலு நாள். எம் பொண்டாட்டி சமையலுக்கு மார்க் போட்டுச்சு. அது போன பெறகும் ஒரு வாரம் எனக்குச் சோறு இல்ல.

ஜெயராம்: ம்.

சொக்கநாதன்: வக்கீல் சரின்னுட்டாரு. பேங்க் ஆளு செக்கோட உள்ள உக்காந்திருக்காரு. இனி போட்டோ, கைரேகை, கையெழுத்து. அம்புட்டுத்தேன்.

ஜெயராம்: ஒத்த ஆளுக்கு எதுக்கு மூணு ரூம்?

சொக்கநாதன்: என் வீட்டுக்கு அடுத்த தெரு. சாப்பாட்டுக்கு நடந்தே வந்துரலாம். அதோட... எந்தங்கச்சி ஆசைப்பட்ட வீடு. கடைசி நாள் மைத்ரேயி ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் போன் போட்டு, "அண்ணே, அந்த வீட்டை முடிச்சுக் குடுத்துரு"ன்னு சொன்னாள்ல.

ஜெயராம்: எத்தனை மணிக்கு?

சொக்கநாதன்: காலையில... பத்து, பத்தரை.

ஜெயராம்: அன்னைக்குப் பூரா அவ போன் எஞ் சட்டைப் பையில இருந்துச்சு.

சொக்கநாதன்: நர்ஸம்மா போன்ல பேசிருப்பா...

ஜெயராம்: மச்சான்.

சொக்கநாதன்: ...சரி. பேசல. நானாத்தேன் சொன்னேன். வேலைக்குப் போகல, சவரம் பண்ணல, செவத்தையே பாத்துட்டு இருந்தீங்க. எதுக்காச்சும் அலைய வச்சாத் தேவலைன்னு தோணுச்சு. எப்பத் தெரியும்?

ஜெயராம்: சொன்ன அன்னைக்கே.

சொக்கநாதன்: தெரிஞ்சுமா ஏழு மாசம் எங்கூட வந்தீங்க?

ஜெயராம்: தங்கச்சியப் பறிகொடுத்துட்டு நீங்க தனியா அலைவீங்களேன்னு வந்தேன். டீ ஆறுது.

சொக்கநாதன்: பதினாறு கூப்புட்டாச்சு மாப்ள. வேணாம்னா வேணாம். அட்வான்ஸ் போனாப் போகட்டும். புரோக்கர் வெள்ளைத்துரைகிட்ட நான் பேசிக்கிறேன். உண்மையச் சொல்லுங்க, அவளுக்கு அந்த வீடு பிடிச்சிருந்துச்சா?

ஜெயராம்: முழுசாப் பிடிக்கல.

சொக்கநாதன்: நான் பாத்த வீடு. எங்கிட்ட "பிரமாதம்ண்ணே"ன்னு சொன்னாளே.

ஜெயராம்: உங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவா. ஆபரேஷனுக்குக் கொண்டுபோறப்ப என் கையப் பிடிச்சுச் சொன்னா. அதுக்கப்புறம் அவ பேசல.

சொக்கநாதன்: என்ன சொன்னா?

ஜெயராம்: பதினேழு கூப்புடுறாங்க. வாங்க, கையெழுத்துப் போட்டுட்டுச் சொல்றேன்.

சொக்கநாதன்: சொல்லிட்டு நடங்க மாப்ள.

ஜெயராம்: "அந்த ஹால் ஆர்ச்சு சகிக்கலங்க. அண்ணேகிட்ட சொல்லிராதீங்க. வாங்குன மறுநாளே இடிச்சுருவோம்."