சீதனப் பசுவின் குறி

கல்முனையில் பஸ் ஏறியதுமே முன்னாசனத்துக்காரர் உரத்துச் சொன்ன வசனம் காதில் விழுந்தது. இதை எழுதியே தீரவேண்டும் என்று அப்போதே தோன்றிவிட்டது.

“என்ட வீட்டு மாட்ட நானே களவெடுத்தனாம், மச்சான்!”

“உன்ன மறியல்ல அடைப்பாங்க எண்டு ஊரே கதைச்சிச்சே! எப்பிடித் தப்பின?” என்றார் பக்கத்தில் நின்றவர்.

முன்னாசனத்தில் அவரோடு இருந்த மனைவி முக்காட்டை இழுத்துவிட்டபடி முந்திக்கொண்டார்.

“இவர் எங்க தப்பின? பசுவில இவர்ர சூட்டுக்குறி இல்ல, களவு மாடெண்டு ஊர்ப் பெரிய வயல்காரர், அந்தப் போடியார், பொலிசில சொல்லிட்டார். நான் கோட்டில ஏறி, இது என்ட உம்மாட குடிக்கு, தாய்வழி வம்சத்துக்கு, சுடுற குறி, சீதனமா வந்த பசு எண்டன். நீதவான் இவர விட்டுட்டார்.”

“பொய் சொன்ன போடியாருக்கு?”

“ஒண்டுமில்ல. களவுக்கு மறியல், பொய்க்கு வீட்ட போகலாம். நல்ல சட்டம்!” என்று சிரித்தார் கணவர்.

“அதையும் பாப்பம். திங்கக்கிழமை போடியார்மேல நான் வழக்குப் போடுறன். இந்தமுறை நீங்க எனக்குச் சாட்சிக்கு வாங்க,” என்றார் மனைவி.