பீவி தர்காவின் துளை

"கைய எடு! காலித் தொட்டில ஆட்டாதன்னு எத்தன தடவ சொல்றது..."

"ஆட்டல, துடைச்சேன்..."

"துடைச்சியா? ஆடுச்சே, நான் பாத்தேனே! உன் கண்ணு பட்டுத்தான் சின்னவன் வயித்தாலயே போறான்."

"என் கண்ணப் பத்திப் பேசாத அக்கா. தர்காவ இடிச்ச அன்னிக்கு ஊரே அழுதுச்சு. நீ மட்டும் சிரிச்ச. இனிமே வேற எவளுக்கும் கிடைக்காதுன்னு சிரிச்ச."

"ஆமா, சிரிச்சேன்டி! வாசல் தொறந்திருந்தப்ப நான் போனேன். நீ போகல. இப்பப் போய்க் கேளேன், புல்டோசர்கிட்ட!"

இப்படிக் கத்திக்கொண்ட இருவரும் ஒரே வீட்டு மருமகள்கள். மூத்தவள் தாஜினிசா, இரண்டு பையன்களுக்குத் தாய். இளையவள் ஹெல்செம். கல்யாணமாகி எட்டு வருஷம், ஒன்றும் தங்கவில்லை. என் சிநேகிதி மெஹ்பிரெத்துக்கு இந்த ஹெல்செம் சித்தி முறை. மெஹ்பிரெத் சொல்லித்தான் எனக்குத் தெரியும்... விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். ஜன்னலைச் சாத்தியாச்சா? சரி. கிட்டே வாருங்கள்.

எங்கள் உய்குர் சீமையில், ஹோத்தான் நகரத்துக்கு வெளியே, பாப்ளார் மரங்கள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் பீவி தர்கா இருந்தது. பச்சை ஓடு பதித்த குவிமாடம். சுற்றிலும் கம்புகள். கம்பெல்லாம் நேர்ந்துகொண்டு கட்டிய துணிகள். உள்ளே பீவியை அடக்கிய கபுர். அதன் கால்மாட்டுச் சுவரில், தரையை ஒட்டி ஒரு துளை. பிள்ளை வேண்டுகிறவள் கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் கையை விட வேண்டும். விரலில் எது அகப்படுகிறதோ... மண்ணோ, வைக்கோலோ, பூச்சியோ... பார்க்காமல் அங்கேயே விழுங்க வேண்டும். தாஜினிசா விழுங்கியவள். ஹெல்செம் பூச்சிக்குப் பயந்து நாளைக் கடத்தியவள். அதற்குள் சீன அரசாங்கத்துக்காரர்கள் இயந்திரத்தோடு வந்துவிட்டார்கள். காலையில் இருந்த தர்கா மத்தியானத் தொழுகை நேரத்துக்கு இல்லை. மேலே ஜல்லி பரப்பிவிட்டுப் போனார்கள்.

சண்டை நடந்தது ஒரு வியாழக்கிழமை. ராத்திரி ஒரு மணி இருக்கும். ஹெல்செம் எழுந்தாள். போனைப் புருஷன் தலையணைக்கு அடியில் விட்டாள். அது கூட வந்தால் போன இடமெல்லாம் சொல்லிவிடும். பெரிய சாலையில் சோதனைச்சாவடி. அதனால் வாய்க்கால் கரையோடு போனாள்.

நிலா இல்லை. பாப்ளார் இலை ஒன்றுகூட அசையவில்லை. காற்றே இல்லாவிட்டாலும் சலசலக்கிற மரம் அது. கம்பத்து உச்சியில் காமிரா மட்டும் 'ட்ர்ர்ர்...' என்று அவள் பக்கம் திரும்பியது. பிறகு அவளையும் தாண்டி, அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த இடத்து மண்ணை ஒரு பிடியாவது தின்றுவிட்டு வரலாம் என்றுதான் போனாள். காலடியில் ஜல்லி நறுக் நறுக் என்றது. டீசல் நாற்றம். அப்புறம் அந்த நாற்றம் சட்டென்று நின்றுபோனது. கண்ணேறு கழிக்கப் போடுவோமே இஸ்ரிக் விதை, அந்தப் புகை வாசம் வந்தது. இப்போதுதான் யாரோ நெருப்பில் போட்ட மாதிரி...

நிமிர்ந்தாள். சுவர் நின்றது.

குவிமாடம் இல்லை. கம்புகள் இல்லை. கபுர் இல்லை. ஜல்லி நடுவே அந்தக் கால்மாட்டுச் சுவர் மட்டும். அடியில் துளை.

வேறொருத்தி என்றால் ஓடியிருப்பாள். ஹெல்செமின் காதில் தாஜினிசாவின் சிரிப்பு இருந்தது. குப்புறப் படுத்துக் கையை விட்டாள்.

மணிக்கட்டு போனது. முழங்கை போனது. தோள்வரை போனது. சுவருக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி, அவளுக்கே தெரிகிறது. ஆனால் விரல்கள் வெளியே வரவில்லை. உள்ளே குளிர்... பிறகு யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். இழுக்கவில்லை. கண் தெரியாதவர்கள் தடவிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு விரலாக... உள்ளங்கையில் எதையோ வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்கள்.

பார்க்காமல் விழுங்கினாள். பல்லில் பட்டு 'டிக்' என்றது. ஓட்டுச் சில்லு. சுண்ணாம்பு ருசி.

அந்த மாதமே அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

விஷயம் எப்படியோ கசிந்தது. வியாழன்தோறும் பெண்கள் வந்தார்கள், ஒருத்தி ஊசி கேட்டு, ஒருத்தி மாவு கேட்டு. வந்து ஹெல்செம் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சட்டை ஓரத்தில் ஒரு துணிக் கீற்றை முடிந்துவிட்டுப் போனார்கள். அதுவரை தாஜினிசாவிடம் யோசனை கேட்டு வந்துகொண்டிருந்தவர்கள்தான். இப்போது அவளிடம் தேநீர் மட்டும் கேட்டார்கள்.

பத்தாம் மாதம் கடந்தது. இன்னொரு பிறையும் பிறந்து தேய்ந்தது. மருத்துவச்சி ஒரு தடவை தொட்டாள், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "சுட்ட செங்கல் மாதிரி இருக்குது" என்றாள். மறுபடி அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

"ஒட்டகக் குட்டியாடி சுமக்கிற?" என்றாள் தாஜினிசா.

"பொறாமையா அக்கா?"

"தலையணைக்கு எவளாவது பொறாமைப்படுவாளா!"

ஆனால் பட்டாள். சோறு இறங்காத அளவுக்குப் பட்டாள். தன் பையன்கள் மடியில் ஏறினால்கூடத் தள்ளிவிட்டாள்.

அந்த வாரம் ஊர்ப் பெரிய பள்ளிவாசலுக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். பிறையை இறக்கியாச்சு. குவிமாடத்தை விளக்குப் போட்டு ராத்திரியும் உடைத்தார்கள். டங்... டங்... அந்தச் சத்தத்தில் ஊருக்கே தூக்கமில்லை. ஹெல்செம் மட்டும் அசையாமல் தூங்கினாள். தாஜினிசா வெறுங்காலோடு அவள் அறைக்குள் போனாள். தலையணையை உருவி முற்றத்தில் எறிந்து ஊரைக் கூட்டிவிட வேண்டும். சட்டையைத் தூக்கினாள்.

தலையணை இல்லை.

தோல்தான். பச்சை நரம்போடிய தோல். உருண்டு திரண்டு, உச்சியில் லேசாகக் கூம்பி...

குனிந்து காதை வைத்தாள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு கேட்க வேண்டும் என்று வைத்தாளோ, கேட்கவே கூடாது என்று வைத்தாளோ, அது அவளுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். துடிப்பு கேட்கவில்லை. துணிகள் படபடக்கும் சத்தம் கேட்டது. நிறையத் துணிகள், பெரிய காற்றில். அதற்கும் அடியிலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். வயதான பெண்குரல். காதோடு காதாக...

"வெளிய இடிச்சு முடிச்சாச்சா மகளே? நான் வரலாமா?"