வலப் பக்கத்து முடிவு

— கையெழுத்து போட மாட்டேன்னா மாட்டேன், ஷர்மிளா. பேனாவ அங்கிட்டு வையி.

— அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. கூடப் பொறந்த அண்ணன் நீ சம்மதம்னு எழுதிக் கொடுத்தாத்தான் சமணப் பெண் துறவிங்க, சாத்விகள், எனக்கு தீட்சை கொடுப்பாங்க. நாளைக்குக் காலைல சிகந்திராபாத்ல எல்லாம் தயாரா இருக்குண்ணே.

— அதான் கேக்கேன். அம்மா போன துக்கத்துல ஓடுதியா?

— நக்கோண்ணே, அப்படிச் சொல்லாத. துக்கத்துல வந்தவள அவங்களே சேத்துக்க மாட்டாங்க. ரெண்டு வருஷம் வெறுங்காலோட கூடவே நடக்க வெச்சுப் பாத்தாங்கல்ல.

— எல்லாம் என் தப்பு. எனக்கு பாலி தெரியும், நீ பிராகிருதம் படிச்சுட்டு வா, ரெண்டு சமயத்துக்கும் பொதுவான கதையெல்லாம் ஒப்பிட்டு ஒரு புத்தகமா எழுதுவோம்னு ஆச காட்டினவன் நாந்தான. இடப் பக்கம் பௌத்தக் கதை, வலப் பக்கம் சமணக் கதை. இடப் பக்கத்த எழுதினவன் குத்துக்கல்லாட்டம் இங்கன இருக்கேன். வலப் பக்கத்த எழுதினவ மொட்டையடிக்கப் போறா.

— கடைசிக் கொத்து முடிய மட்டும் கையால பிடுங்குவாங்க.

— ஏட்டி, அதச் சொல்லாத.

— சரி, சொல்லல.

— அந்தக் கடைசிக் கதைய எடு. அண்ணன் தம்பி கதை. மானாப் பொறந்தாலும் சேந்து மேயுதாங்க, பறவையாப் பொறந்தாலும் ஒரே ஆத்தங்கரை. கடைசிப் பொறப்புல ஒருத்தன் ராஜா, ஒருத்தன் துறவி. துறவி வந்து ராஜாவக் கூப்பிடுதான். இடப் பக்கத்துல என்ன ஆச்சு?

— ராஜா நாட்ட விட்டுட்டு அவன் கூடவே போயிடறான்.

— பாத்தியா. ஒருத்தன விட்டுட்டு ஒருத்தன் போவல.

— அப்ப நீயும் வா.

— என்ன பேச்சு இது?

— நீ சொன்ன கதைதான. நான் கூப்பிடறேன், கெளம்புண்ணே.

— எனக்குக் காலைல காப்பி இல்லாட்டி கை நடுங்கும். மத்தியானம் ஃபேனுக்கு அடியில ஒரு தூக்கம் வேணும். இந்த அல்வால் வீட்டப் பூட்டிட்டு என்னால வர முடியாது. நீ போறது சரின்னு எனக்குத் தெரியாமலா இருக்கு? முடியல, அவ்வளவுதான்.

— வலப் பக்கத்து ராஜா இதத்தான் சொன்னான். சேத்துல மாட்டின யானை, கரை தெரியுது, ஏற முடியலன்னு.

— என் பக்கத்து ராஜாவும் அதத்தான் சொன்னான். சொல்லிட்டும் போனான்லா.

— ஹவ், உன் பக்கத்துல போனான். வலப் பக்கத்துல அவன் போகல. துறவி தனியாப் போறான். அத மொழிபெயர்த்த அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல, ஞாபகம் இருக்கா? ராஜாவுக்காக அழுதேன்னு நீ கேலி பண்ணின. நான் துறவிக்காக அழுதேன். போகும்போது அவன் திரும்பிப் பாத்தானான்னு யாரும் எழுதல.

— பேனாவக் கொடு.

— அண்ணே.

— கொடுன்னேன். எங்க போடணும்?

— இங்க, கீழ. இளங்கோவன்னு தமிழ்லயே போடு.

— போட்டாச்சு. கண்ண மறைக்குது, கோணிப் போச்சு. நாளைக்கு அப்புறம் என்னைய அண்ணேன்னு கூப்பிடுவியா?

— மாட்டேன். யாரையும் சொந்தம் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

— இந்தத் தெருவுக்காவது வருவியா?

— மழைக்கால நாலு மாசம் இந்தப் பக்கந்தான் தங்குவோம். பிட்சைக்கு வீடு வீடா வருவோம். எந்த வீடு, என்னைக்குன்னு முன்னாடியே சொல்லக் கூடாது.

— அப்ப தினமும் உனக்கு ஆக்கி வைக்கேன்.

— அதுவும் கூடாதுண்ணே. எனக்காகன்னு ஆக்கினத நான் தொட முடியாது. வீட்டுக்காரங்க தங்களுக்குச் சமைச்சதுல ஒரு பங்கு, அவ்வளவுதான். யாருக்காக ஆக்கினதுன்னு வாசல்லயே கேப்பேன். நீ பொய் சொல்லக் கூடாது.

— வெங்காயம்?

— கூடாது. பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் கூடாது.

— வெங்காய சாம்பார் இல்லாம எனக்குச் சோறு எறங்காது.

— தெரியும்ணே.

— சரி, கேட்டுக்கோ. நாளைலேந்து இந்த வீட்டுல வெங்காயம் கெடையாது, என் ஒரு வயித்துக்கு ரெண்டு ஆள் சோறு வேணும். நீ வந்து கேக்குத அன்னைக்கு எனக்குத்தான் ஆக்கினேன்னு சொல்லுவேன், அது பொய்யா இருக்காது. நீ வராத நாளெல்லாம் ரெண்டு ஆள் சோத்தையும் நானே தின்னிருப்பேன்.